மூன்றாவது சுற்றின் மீதி

என் மகளுக்கு,

மகளுக்குக் கடிதம் எழுதுகிற அப்பாக்கள் பெரும்பாலும் அவள் கல்யாணத்துக்கு முந்தைய வாரம்தான் பேனாவை எடுப்பார்கள். அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நீ இப்போது தூளியில் காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறாய். உனக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. உன் அம்மா ஒன்று சொல்கிறாள், உன் மாமா ஒன்று சொல்கிறார், இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் எழுதுவது தூளியில் கிடக்கிறவளுக்கு இல்லை. வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், ஒருவேளை என்மேல் கோபித்துக்கொண்டு ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கப் போகிற பெண்ணுக்கு எழுதுகிறேன். நான் எலக்ட்ரிகல் டிப்ளமா படித்தவன். கரண்ட் போன ஊரில் எந்தக் கம்பத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பது என் வேலை. மெழுகிப் பேச எனக்கு வராது. நீ பிறந்த காலையில் உன் அப்பன் மலையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான் என்று சொந்தக்காரர்கள் உன்னிடம் சொல்வார்கள். அது உண்மை. உன் மாமா வேட்டியோடு மாரத்தான் ஓடினார் என்றும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஆளாளுக்கு மாற்றிச் சொல்வதற்கு முன்னால் நடந்தது நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன். யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை.

முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டியது, உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வந்தது, வெளியே வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அதன்பிறகு உன் அம்மா சாரதா வெகுநாள் ஆஸ்பத்திரித் தெரு வழியாகக்கூடப் போகமாட்டாள். கடைக்குப் போவதென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவாள். நீ வயிற்றில் வந்ததும் எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோனது. சந்தோஷப்பட்டால் தப்பாகிவிடும் என்கிற மாதிரி ஒரு பயம். எனக்கும்தான். வளைகாப்பு முடிந்ததும் அவள் கீழ்பென்னாத்தூரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்பா அம்மா இல்லாத அவளை வளர்த்து ஆளாக்கியது அந்த அண்ணன்தான், உன் ஜெயவேலு மாமா. வேர்க்கடலை மண்டி, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை மண்டி, வைத்திருக்கிறார், கொஞ்சம் நிலமும் உண்டு. நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. எனக்கும் அவருக்கும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை, பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது என்பது உட்பட.

பொங்கல் கழிந்த சமயத்தில் எங்கள் ஊர் விளையாட்டு மன்றத்துப் பசங்கள் மாரத்தான் நடத்துவது என்று கிளம்பினார்கள். மலையைச் சுற்றி வருகிற கிரிவலப் பாதை பதினாலு கிலோமீட்டர். மூன்று சுற்று ஓடினால் கிட்டத்தட்ட மாரத்தான் தூரம் வந்துவிடும். கிட்டத்தட்ட என்ற வார்த்தை எனக்கு ஆகாது. சைக்கிள் சக்கரத்தில் சிவப்புத் துணியைக் கட்டி, அது எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணிக்கொண்டே பாதை முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அளந்தேன். அளந்து முடித்தபோது இன்னொன்று தோன்றியது. எல்லாரும் சுற்றுகிறபடி மலையை வலது கைப்பக்கம் வைத்துச் சுற்றினால் கடைசித் துண்டு முழுக்க வெட்டவெளி. இடது கைப்பக்கம் வைத்து ஓடினால் வெட்டவெளியை முதலில் முடித்துவிட்டு, செங்கம் ரோட்டுப் புளியமர நிழலில் வந்து சேரலாம். ஓடுகிறவர்களுக்கு அதுதான் நல்லது. இதை நான் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பந்தயத்தை முன்னின்று நடத்துகிற டிரில் மாஸ்டர் கேட்டார், "தம்பி, உனக்கு இந்த ஊர்ல குடியிருக்க இஷ்டமா, இல்ல டிரான்ஸ்பர் வேணுமா?"

"கணக்கு போட்டுத்தான் சார் சொல்றேன்."

"கணக்கு கரெக்ட்டுதான். நீ மலையை எதிர்ப்பக்கமா சுத்திட்டு வா, டீக்கடையில உனக்கு ஒருத்தன் டீ தரானா பார்ப்போம்."

மூலையில் உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் அதற்கும் மேலே போனார். "ஓடறதே தப்புங்க. நிறைமாசமா இருக்கிற ராணி அடியெடுத்து வைக்கிற மாதிரி மெதுவா நடக்கணும்னு இருக்கு. நீங்க இன்னான்னா விசில் ஊதி ஓட விடறீங்க."

"ராணிங்க பாட்டுக்கு நடக்கட்டும்யா. நம்ம பசங்க ஓரமா ஓடிக்கிறானுங்க" என்று டிரில் மாஸ்டர் கூட்டத்தை முடித்தார். மலை வலது கைப்பக்கம் என்று தீர்மானமாயிற்று.

பேரைக் கொடுத்துவிட்டேனே ஒழிய, போவதா வேண்டாமா என்று எனக்கே குழப்பம். பிரசவத்துக்கு டாக்டரம்மா சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் கீழ்பென்னாத்தூர் போய் உன் அம்மாவிடம் கேட்டேன். "ஓடுங்க" என்றாள் உடனே. "நீங்க இங்க வந்து உக்காந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வலிக்குதா வலிக்குதான்னு கேட்டா எனக்கு நிஜமாவே வலி வந்துடும்." மண்டிக் கணக்கை மூடிவைத்துவிட்டு மாமா தலையை நீட்டினார். "மலையைச் சுத்தறது நல்லதுதான் மாப்ள. மெதுவா போங்க."

"பந்தயம் மச்சான் அது."

"அதான். பந்தயத்தை மெதுவா ஓடுங்க."

இப்படிப்பட்ட மனிதரோடு என்ன பேசுவது, சொல்.

பந்தயத்தன்று விடிவதற்கு முன்னால் கோபுரத்து எதிரே சூடம் ஏற்றி, விசில் ஊதி எங்களை விட்டார்கள். நூற்றுச்சொச்சம் பேர் இருப்போம். லீவில் வந்த பட்டாளத்துக்காரர்கள், வேலூர் கல்லூரிப் பையன்கள், தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், அவர் வெறுங்காலோடு. என் பக்கத்தில் ஓடியவர் ஏழுமலை என்ற போலீஸ்காரர். கழுத்தில் விசிலோடு வந்திருந்தார். எதுக்கு இது என்றால், "பழக்கம் சார். இது தொங்கலைன்னா கால் நகர மாட்டேங்குது. முன்னாடி ஒரு திருடனை ஓட விட்டீங்கன்னா நான் இன்னும் நல்லா ஓடுவேன்" என்றார். முதல் சுற்று எனக்கு ஓடியதாகவே தெரியவில்லை. நல்ல மழைக் காலம் முடிந்திருந்தது. குளங்களில் தண்ணீர் தளும்பியது, பாதையோரத்துக் கடலைக் கொல்லைகளில் செடி பிடுங்கிய ஈர மண்வாசனை. ஐந்து வருஷமாக நான் இந்த மலையின் அடியில் குடியிருக்கிறேன், அதை ஒரே மலை என்று நினைத்திருந்தேன். ஓடும்போது ஒவ்வொரு வளைவுக்கும் அது வேறாக இருந்தது. தெற்கே ஒற்றைக் கூம்பு, மேற்கே போனால் தோளோடு தோள் ஒட்டிய பல தலைகள், அதற்கப்புறம் மறுபடி ஒன்று. இதைக் கம்பத்தின்மேல் ஏறி நின்றபோதுகூட நான் கவனித்ததில்லை.

அடி அண்ணாமலை ஊரைத் தாண்டும்போது ஒரு அம்மா குடத்தில் மோர் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களுக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டே, "யாருங்க துரத்தறாங்க?" என்றார். "நாங்கதாம்மா துரத்தறோம், ஒரு திருடனை" என்றார் ஏழுமலை. இரண்டாவது சுற்றில் வெயில் ஏறிவிட்டது. அதே அம்மா, அதே குடம். எங்களைப் பார்த்ததும், "இன்னுமா புடிக்கலை?" என்று கேட்டார். சிரித்ததில் எனக்கு விலா பிடித்துக்கொண்டது. ஏழுமலை பின்தங்கிவிட்டார். மூன்றாவது சுற்றுக்குக் கோபுரத்தைத் தாண்டி நான் தனியாகத்தான் திரும்பினேன். அந்த நேரத்தில் என் மனசில் என்ன இருந்தது என்று உனக்கு நேராகச் சொல்ல வேண்டும். நீயும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. கெண்டைக்கால் மட்டும்தான் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு பயமில்லாமல் கழிந்த சில மணி நேரம் அது. அதற்காக நான் வருத்தப்படவில்லை. பயந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை.

செங்கம் ரோட்டை விட்டு மண்பாதைக்குத் திரும்பின இடத்தில் பின்னாலிருந்து சைக்கிள் மணி விடாமல் அடித்தது. திரும்பிப் பார்த்தால் உன் மாமா. வேட்டியை மடித்துக் கட்டி, இரவல் சைக்கிளில், நெற்றியில் விபூதி வழக்கத்தைவிட ஜாஸ்தியாக.

"மாப்ள, நில்லுங்க. சாரதாவுக்கு வலி எடுத்துடுச்சி. விடியக்காலமே மல்லாட்டை வேன்ல இட்டாந்து டாக்டரம்மாகிட்ட சேர்த்துட்டேன். உங்களைக் கேக்குது."

"கோபுரத்துகிட்ட எப்ப வந்தீங்க?"

"நீங்க முனை திரும்பறீங்க, நான் வந்து எறங்கறேன். அங்கயே ஒரு பையன்கிட்ட சைக்கிளை வாங்கிக்கினு கெளம்பிட்டேன்."

"அப்பவே கெளம்பிட்டு, சைக்கிள்ல, நடுவுலயே என்னைப் புடிச்சிருக்கணுமே?"

"வழியில மூணு லிங்கம் இருக்குது இல்ல மாப்ள. எறங்கிக் கும்புடாம எப்டி வரது?"

அந்த நிமிஷம் அவரை அடிக்கத்தான் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். அவர் சைக்கிளைக் குறுக்கே போட்டுவிட்டார். "மலையைப் பாதியில வுட்டுட்டு எதிரால போகாதீங்க. இன்னிக்கு வேணாம்."

"மச்சான், வந்த வழி கம்மி. முன்னாடி போனா ரெண்டு பங்கு தூரம். அவ அங்க கெடக்கறா."

அவர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ உபதேசம் வரப்போகிறது என்று நினைத்தேன். அதற்குப் பதில் கிட்டே வந்து, என் பனியனில் குத்தியிருந்த நம்பர் துணியின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். "நீங்க சைக்கிளை எடுத்துக்கினு போங்க. மீதியை நான் முடிச்சிடறேன். சுத்து அறுந்துபோவக் கூடாது, அவ்ளோதான்."

"என் நம்பரை நீங்க போட்டுக்கினா என்னைப் பந்தயத்துல இருந்து தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும்."

நம்பரைத் தன் வெள்ளைச் சட்டையில் குத்திக்கொண்டார். செருப்பைக் கழற்றி சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிவிட்டார். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நான் எதிர்ப்பக்கம் மிதித்தேன்.

கூட்டத்தில் நான் எழுந்து சொன்ன அந்த எதிர்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பாதையில் நடந்து வந்த ஒவ்வொருவரும் என்னைத் திருத்த முயன்றார்கள். "தம்பி, அந்தப் பக்கம்." "யோவ், வழி தப்பிட்ட." ஒருவர் ஹேண்டிலைப் பிடித்து வண்டியையே திருப்பிவிட்டார், அவ்வளவு அக்கறை. கெண்டைக்கால் இரண்டும் கல்லாகி, மிதிக்கிறபோதெல்லாம் உயிர் போனது. ஹேண்டிலில் மாமாவின் செருப்பு ஆடிக்கொண்டே வந்தது. எதிரே ஏழுமலை தள்ளாடி ஓடி வந்தார். "சார், ரூட்டு இந்தாண்டை."

"பொண்டாட்டிக்குப் பிரசவம்யா."

அவர் நின்றார். "நான் திரும்ப முடியாது சார், எங்க அம்மா கொன்னுடும். இருங்க, வழி பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்து ஊதினார் பார், செங்கம் ரோடு மொத்தமும் ஒதுங்கியது. "பிரசவத்துக்குப் போறாரு, வுடுங்க" என்று அவர் கத்தியதை ஒருவர் வாங்கி அடுத்தவருக்குச் சொல்ல, எனக்கு முன்னால் அந்தச் செய்தி ஓடியது. அதற்கப்புறம் ஒருவரும் என்னை மறிக்கவில்லை. எதிர்ப்பக்கம் போகிறவனை முதல்முறையாக இந்த ஊர் போகவிட்டது.

நர்ஸிங் ஹோம் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு, உப்புப் பூத்த உடம்பும் அரை டிராயருமாக உள்ளே போன என்னை நர்ஸ் பிச்சைக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். யார் என்று சொன்னதும் குரலைத் தாழ்த்தினாள். "குழந்தைக்குக் கால் கீழ இருக்குதுங்க. டாக்டரம்மா முயற்சி பண்ணிக்கினு இருக்காங்க. முடியலைன்னா ஆபரேஷன். அதுக்கு அவங்க அண்ணன் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தான் உங்களைத் தேடிப் போனாரு." கால் கீழே என்ற வார்த்தை எங்கள் வீட்டில் என்ன வார்த்தை என்று உனக்கு இப்போது தெரியும். மாமாவுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் என்னிடம் வலி எடுத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். தெரிந்துகொண்டேதான் மூன்று இடத்தில் சைக்கிளை நிறுத்தி இறங்கியிருக்கிறார். இப்போது அந்த மண்பாதையில் தனியாக நடந்துகொண்டிருக்கிறார். உள்ளே தங்கச்சிக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

பெஞ்சில் உன் அத்தை, மாமாவின் மனைவி, புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எங்க அவரு?" என்றார். "என் பாக்கியைச் சுத்தறாரு அக்கா" என்றேன். அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே உன் அம்மா கத்தினாள். பிறகு கத்தவில்லை. அந்த இடைவெளியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பிறகு நீ கத்தினாய். மெல்லிசாகத் தொடங்கி, சந்தேகம் தீர்ந்தபிறகு ஓங்கிக் கத்தினாய். நர்ஸ் கதவைத் திறந்து, "ஓட்டக்காரர் பொண்ணு, காலை முன்னாடி நீட்டிக்கினுதான் வந்திருக்கா. கத்தி வைக்கலை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள். அத்தை அழுதார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நெஞ்சிலிருந்து மல்லாட்டை மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தப் பெஞ்சிலேயே தூங்கியிருப்பேன், கால் பிடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்.

உன் அம்மாவைப் பார்க்க விட்டபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "முடிச்சீங்களா?" பாதியில் திரும்பிவிட்டேன் என்றதும் வெளுத்திருந்த முகம் இன்னும் வெளுத்தது. "மலையைப் பாதியில வுட்டுட்டா வந்தீங்க?" மீதியை அண்ணன் சுற்றுகிறார் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

அவர் வரவில்லை. மீதித் தூரம் எனக்குத் தெரியும், அளந்தவன் நான்தானே. எவ்வளவு மெதுவாக நடந்தாலும் இந்நேரம் வந்திருக்க வேண்டும் என்ற நேரம் போய், அதற்குமேலும் போயிற்று. வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நொண்டிக்கொண்டே நடந்தேன். உச்சி வெயிலில் தெருமுனையில் அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது, மார்பில் என் நம்பரோடு. கேட் வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை. "மாப்ள" என்றார்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மச்சான். பொண்ணு. ஆபரேஷன் இல்லை."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெறுங்கால் பாதம் இரண்டும் கொப்பளித்திருந்தன. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார். "கோபுரத்துகிட்ட பந்தலைப் பிரிச்சிக்கினு இருந்தாங்க. அந்த டிரில் வாத்தியாரு நம்பரைப் பார்த்துட்டு, நீ யாருய்யா, ஓடுனது வேற ஆளாச்சேன்னாரு. மூணு சுத்து முடிஞ்சிதா இல்லையா, அதைச் சொல்லுங்கன்னேன். முடிஞ்சிதுன்னு சொல்லி ஒரு கலர் சோடா குடுத்தாரு. அடி அண்ணாமலையில ஒரு அம்மா மோர் ஊத்துனாங்க. ரெண்டு தபா ஓடியாந்தவரு எங்க, திருடனைப் புடிச்சிட்டாரான்னு கேட்டாங்க. இன்னா பதில் சொல்றதுன்னு தெரியலை."

"ஏன் மச்சான் இவ்ளோ நேரம்? கொஞ்சம் வேகமா நடந்திருந்தா..."

"எப்டி வேகமா நடக்கறது? நிறைமாசக்காரி நடக்கற மாதிரி நடக்கணும்னு இருக்குது இல்ல." அவர் செருப்பைத் தேடி சைக்கிள் பக்கம் பார்த்தார். "இந்த ஒரு மாசமா வீட்ல சாரதா நடக்கறதைப் பார்த்துக்கினுதானே இருந்தேன். அதே மாதிரி நடந்தேன் மாப்ள."

நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உன்னை உயிரோடு வெளியே எடுத்தது டாக்டரம்மாவின் கை. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, உனக்கும் இருக்க வேண்டாம். அவரிடமும் இதைச் சொன்னேன். "நான் இன்னா இல்லைன்னா சொன்னேன்?" என்றார். நாங்கள் இப்போதும் எதிலும் ஒத்துப்போவதில்லை. உனக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். அவசரம் உன் ரத்தத்தில் இருக்கும், என் பெண்தானே. அதை விடாதே, திரும்ப வேண்டிய இடத்தில் யார் கத்தினாலும் திரும்பிப் போ. ஆனால் நீ பாதியில் விட்டுப்போகிற தூரத்தை, உன் நம்பரைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து முடிக்க ஒரே ஒரு ஆளையாவது சம்பாதித்து வைத்துக்கொள். அந்த ஆள் உன்னோடு ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

அந்த நம்பர் துணியை ஞாபகார்த்தமாக வைத்திருப்பேன் என்று நினைக்காதே. நல்ல பருத்தித் துணி. உன் அத்தை துவைத்துக் காயவைத்து அன்று சாயங்காலமே உனக்கு இடுப்பில் கட்டிவிட்டார். இருட்டுவதற்குள் நீ அதை நனைத்துவிட்டாய். இத்தனை கழுவியும் எண் இன்னும் முழுசாகப் போகவில்லை, கொடியில் காய்கிறது, இங்கிருந்து தெரிகிறது. நீ மறுபடி நனைத்துவிட்டாய் போலிருக்கிறது, அழுகிறாய். எழுந்திருக்க வேண்டும். கெண்டைக்கால் இன்னும் வலிக்கிறது.

பந்தயத்தை முடிக்காத,
உன் அப்பா